திட்டிவாசல்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் தனுஷ்கோடிக்குப் போயிருந்தேன். அரிச்சல்முனையில் தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்று, வலப்புறம் மன்னார் வளைகுடாவையும் இடப்புறம் பாக் நீரிணையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடல் கோபித்துக்கொண்டிருந்தது. மற்றது குளத்து நீர் போல் சாதுவாகக் கிடந்தது. இந்த அதிசயத்தில் நான் ஆழ்ந்திருந்தபோது சட்டைப் பையிலிருந்த செல்போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். 'இலங்கைக்குத் தங்களை வரவேற்கிறோம்' என்று பொருள்படும் ஒரு செய்தி வந்திருந்தது!

எனக்குத் திகைப்பாகிவிட்டது. கையில் பாஸ்போர்ட் இல்லை. கப்பல் ஏறவில்லை. ஆஞ்சநேயரைப் போல் ஒரே தாவாகத் தாவவும் இல்லை. காலடியில் இருப்பது சுத்தமான இராமநாதபுரம் ஜில்லா மணல். ஆனால் என் போனோ அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பக்கத்தில் சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்.

"இங்க வர்றவுக எல்லாருக்கும் அந்தச் சேதி வரும் ஐயா. காத்துல வர்றதுக்கு ஏது எல்லை?" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை. காற்றில் வருவதற்கும் கம்பியில் வருவதற்கும் எல்லை இல்லையென்றால், அதே வழியில் வரும் பகைக்கும் எல்லை இல்லை அல்லவா? கோட்டை கட்டி, அகழி வெட்டி, கொத்தளத்தில் பீரங்கி வைத்துக் காத்த ராஜ்யங்களின் கதைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். ராஜ்யத்தின் உயிர்நாடி ஒரு கம்பிக்குள் ஓடத் தொடங்கிய பிறகு அதைக் காத்தவர்களின் கதையும் காக்கத் தவறியவர்களின் கதையும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்தக் கதையில் பெரும் பகுதி இந்தக் கடலையும் இந்தக் கரையையும் ஒட்டியே நடந்திருக்கிறது.

பழைய கோட்டைகளைப் பார்த்திருப்பவர்களுக்குத் திட்டிவாசல் என்றால் என்னவென்று தெரியும். யானை முட்டினாலும் அசையாதபடி இரும்புக் குமிழ் அறைந்த பெரிய கதவு. அதிலேயே ஓர் ஆள் குனிந்து நுழையும்படி ஒரு சிறு கதவு. பெருங்கதவை உடைத்துப் பிடித்த கோட்டைகளும் உண்டு. ஆனால் திட்டிவாசலை யாரோ திறந்துவிட்டதால் விழுந்த கோட்டைகளின் கதையைத்தான் நாம் அதிகமாகக் கேட்டிருக்கிறோம். நான் சொல்லப் போவதும் அத்தகைய சிறு வாசல்களைப் பற்றித்தான்.

நம் நாட்டில் தந்திக் கம்பியைக் கொண்டு வந்தவர் வில்லியம் ஓஷாநெஸி என்ற ஒரு வைத்தியர். நாடி பார்த்த கைதான் நாட்டின் நரம்பையும் இழுத்துக் கட்டியது. 1857-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி, சிப்பாய்கள் டில்லிக்குள் புகுந்தபோது, அங்கிருந்த தந்தி ஆபீஸ் இளைஞர்கள் அம்பாலாவுக்கு அந்தச் சமாசாரத்தைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தந்தி பஞ்சாபிலிருந்த வெள்ளைக்காரர்களை விழிக்க வைத்தது. கிளர்ச்சிக்காரர்களும் கம்பியின் மகிமையைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, கண்ட இடத்திலெல்லாம் அதை வெட்டினார்கள். பீரங்கி இல்லாதவனும் ராஜாங்கத்தின் நரம்பை அறுக்கலாம் என்பதை அப்போதே நம்மவர்கள் கண்டுகொண்டார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு வாக்கில் இந்தக் கடலுக்கு அடியிலும் ஒரு கம்பி இலங்கைக்குப் போயிற்று. மலாய்க் காடுகளில் விளையும் ஒரு மரத்தின் பாலைக் காய்ச்சி உறையாகப் போர்த்திய கம்பி அது. 1870-ல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்கும், 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பிகள் வந்தன. கப்பலில் மாதக்கணக்கில் போய்ச் சேர்ந்த சேதி மணிக்கணக்கில் போகத் தொடங்கியது. கொழும்பில் கொப்பரை விலை என்ன, இலண்டனில் பருத்தி விலை என்ன என்று செட்டிநாட்டு வியாபாரியும் அறிந்துகொண்டார். சௌகரியம் பெருகியது. அந்தச் சௌகரியம் ஒரு நூலில் தொங்குகிறது என்ற நினைவு மட்டும் மெல்ல மெல்ல மறந்துபோயிற்று.

மறந்ததை நினைவூட்ட ஒருவன் வந்தான். அவன் பெயர் தமிழ்நாட்டில் பிரசித்தம். காரியத்தில் படுசூரனாக ஒருவன் இருந்தால், 'அவன் சரியான எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்! 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அந்த ஜெர்மன் போர்க் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, சுமார் அரை மணி நேரம் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்களுக்கு ஓடினார்கள். இந்தக் கதை நமக்குத் தெரியும். ஆனால் எம்டனின் முடிவு எண்ணெய்த் தொட்டியால் வரவில்லை, தந்திக் கம்பியால் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி எம்டனின் தலைவன் வான் முல்லர், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே கொக்கோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிப்பதற்குச் சுமார் ஐம்பது பேரை இறக்கினான். ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் பட்டேவியாவையும் இணைத்த கடலடிக் கம்பிகள் அங்கேதான் கூடின. அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் சமுத்திரம் முழுவதும் ஊமையாகிவிடும் என்பது அவன் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சிறு நிலையத்தின் சிப்பந்திகள் தங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கதி வரும் என்று முன்பே எதிர்பார்த்திருந்தார்கள். அந்நியக் கப்பலைக் கண்டவுடனேயே கம்பியில்லாத் தந்தி மூலம் உதவி கேட்டு ஓலமிட்டுவிட்டார்கள். மாற்றுக் கருவிகளை முன்கூட்டியே ஒளித்தும் வைத்திருந்தார்கள். வந்த ஜெர்மானியர்களும் மரியாதைஸ்தர்கள்தாம். டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாதபடி கம்பத்தைச் சாயுங்கள் என்று சிப்பந்திகள் கேட்டுக்கொள்ள, அப்படியே சாய்த்தார்களாம்!

ஓலத்தைக் கேட்டு, அருகில் போய்க்கொண்டிருந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க் கப்பல் விரைந்து வந்தது. எம்டன் நொறுங்கித் தரை தட்டியது. நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். தீவின் சிப்பந்திகளோ ஒளித்து வைத்த கருவிகளை எடுத்து இணைத்து, சீக்கிரமே மீண்டும் தந்தி அடிக்கத் தொடங்கினார்கள். பெரும் பீரங்கிகளுக்கு எதிரே அவர்களைக் காத்தவை இரண்டு. அடி விழுந்த கணத்திலேயே அதை ஊருக்குச் சொன்னார்கள். சொல்வதற்கு இரண்டாவது வழி ஒன்றை வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் நின்றுகொண்டிருந்த மணலே சாட்சி.

எம்டன் வந்த அதே 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் ரயிலில் கொழும்பு போகலாம். தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது. சுங்கச் சாவடி இருந்தது. தபால் தந்தி ஆபீஸ் இருந்தது. ரயிலும் தந்தியும் தபாலும் அரிசியும் வந்துபோவதற்கு இருந்ததோ அந்த ஒரு பாலமும் ஒரு மணல்திட்டும்தான்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஊரை நெருங்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை. வண்டி சற்று நின்றது, நீளமாக ஊதியது, பதில் இல்லை, இருளில் மெல்ல நகர்ந்தது. அப்போது வந்த பேரலை வண்டியை மூடிவிட்டது. வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மாண்டார்கள். புயலில் பாம்பன் பாலத்தின் பெரும் பகுதியும் கம்பிகளும் போயின. இப்படி ஒரு ரயில் போனதென்பதே வெளியுலகத்துக்குச் சுமார் இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் உறுதியாகத் தெரிந்தது.

சங்கு விற்ற பெரியவர் அப்போது சிறுவராம்.

"கடல் வந்ததுக்குக் கடலை நோகலாமா ஐயா? அது அப்பப்ப வரும்னு எங்க பாட்டன் பூட்டனுக்கே தெரியும். வந்திருச்சுன்னு அடுத்த ஊருக்குச் சொல்ல ஆளில்லாமப் போச்சு பாருங்க, அதைத்தான் எங்க அம்மா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதுச்சு" என்றார்.

பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயர் 46 நாட்களில் சீர்படுத்தினார். தனுஷ்கோடி மட்டும் சீர்ப்படவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இன்று கண்டங்களுக்கு இடையே போகும் இன்டர்நெட் செய்தியில் மிகப் பெரும் பங்கு வானத்துச் சந்திரன்கள் வழியாகப் போவதில்லை. பழைய தந்தியைப் போலவே கடலடியில்தான் போகிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாய் அளவுதான். அதற்குள் மயிரிழை போன்ற கண்ணாடி நார்கள். அவற்றில் ஒளியாக ஓடுகிறது உலகத்தின் பேச்சு. நம் நாட்டில் இவை கரையேறும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்று சில ஊர்கள்.

2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற ஓர் இந்தியக் கப்பலின் நங்கூரம் இழுபட்டு அத்தகைய கேபிள் ஒன்றைச் சேதப்படுத்தியது. யாரும் சதி செய்யவில்லை. ஓர் இரும்புக் கொக்கி நகர்ந்தது, அவ்வளவுதான். இலங்கைத் தீவின் இன்டர்நெட்டும் வெளிநாட்டு டெலிபோனும் தடுமாறின. 2006-ல் தூத்துக்குடிக்கும் கொழும்பையடுத்த கல்கிசைக்கும் இடையே இரு நாடுகளும் சேர்ந்து ஒரு கேபிள் போட்டன. அனுமார் தாவிய கடலில் மறுபடியும் ஒரு சேது!

நங்கூரத்துக்கு எண்ணம் கிடையாது. எண்ணம் உள்ள கையை என்ன செய்வது? அந்தக் கைக்காரர்களைத்தான் ஹேக்கர்கள் என்கிறோம். அவர்களுக்குக் கப்பல் வேண்டாம். ஐம்பது ஆட்களும் வேண்டாம். 1998-ல், விடுதலைப் புலிகளின் இணையப் பிரிவு என்று தங்களைச் சொல்லிக்கொண்ட சிலர், இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் வீதம் இரண்டு வாரம் அனுப்பினார்கள். ஒரு கிராமத்துத் தபால்காரர் தலையில் ஒரே நாளில் பத்து மூட்டைக் கடிதத்தைக் கவிழ்த்தால் உண்மையான கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? அதே தந்திரம். ஒரு நாட்டின் கம்ப்யூட்டர்கள் மேல் ஆயுதக் குழு ஒன்று தொடுத்த முதல் தாக்குதலாக இதை உலகத்து உளவுத் துறைகள் குறித்து வைத்திருக்கின்றன. அதே ஆண்டு பொக்ரானில் நாம் அணுகுண்டு வெடித்துச் சில வாரங்களுக்குள், பல தேசங்களில் இருந்த பதினைந்து முதல் பதினெட்டு வயதுப் பையன்கள் சிலர் கூடிக்கொண்டு, பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மீசை முளைக்காத எம்டன்கள்!

பிறகு 2019. இதே மன்னார் வளைகுடாவின் தெற்குக் கோடியில் கூடங்குளம் இருக்கிறது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வேண்டாத நிரல் ஒன்று புகுந்துவிட்டதாக அக்டோபர் கடைசியில் பேச்சு எழுந்தது. அப்படி நடக்கவே முடியாது, எங்கள் சாதனங்கள் வெளியுலகத்தோடு இணைக்கப்படவே இல்லை என்று 29-ஆம் தேதி நிலையத்தார் அறிக்கை விட்டார்கள். மறுநாளே அணுமின் கழகம், ஆம், நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே சர்க்காரின் காவல் அமைப்பு அதைக் கண்டு தெரிவித்துவிட்டதாம்! உலையை இயக்கும் சாதனங்கள் தனியே இருந்தன, அவற்றுக்குக் கேடில்லை என்றும் கழகம் சொன்னது. இங்கே என் கவலை உலையைப் பற்றியதல்ல. அந்த ஏறக்குறைய இரண்டு மாத மௌனத்தையும், 'நடக்கவே முடியாது' என்ற முதல் வார்த்தையையும் பற்றியது.

நிலையத்தாரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியானம் எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. கணீரென்ற குரல், அழகான தமிழ். "ஐயா, உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவோடு முடங்கிவிடும், உங்கள் போனுக்கு இப்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சொன்னால் சரி செய்துவிடுகிறேன்" என்றது. சொன்னேன். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. துரோகம், சூழ்ச்சி, ஒற்றர் படை என்று பக்கம் பக்கமாக நாவல்களில் எழுதியவன், ஒரு மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் திட்டிவாசலைத் திறந்துவிட்டேன்!

அதைவிடப் பெரிய தவறு பிறகு நடந்தது. வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட மூன்று மாதம் மறைத்தேன். அதற்குள் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் அதே குரலுக்கு, அதே வார்த்தைகளுக்குத் தம் பெண்ணின் கல்யாணப் பணத்தைக் கொடுத்துவிட்டார். நான் மறுநாளே தெருவில் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். அந்தப் பணத்தைத் திருடியவன் எங்கோ இருக்கிறான். என் மௌனத்துக்கும் அதில் பங்கு உண்டு என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. ஆகையால்தான், இப்படி ஏமாந்தவுடன் 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இந்தக் கரையில் நின்றால் இராமாயணம் நினைவுக்கு வராமல் இருக்குமா? இராவணன் சீதையைத் தூக்கிச் செல்லச் சேனையோடு வரவில்லை. சந்நியாசி வேஷத்தில் வந்தான். முதல் ஹேக்கர் அவன்தான் போலும்! அதனால்தான் பிறகு அசோகவனத்தில் அனுமார் வந்து 'நான் இராமதூதன்' என்றபோது, பிராட்டி உடனே நம்பிவிடவில்லை. இதுவும் ஒரு வேஷமோ என்று சந்தேகித்தாள். கணையாழியைக் கண்ட பிறகே தெளிந்தாள். பதிலுக்குத் தன் சூடாமணியைக் கொடுத்தனுப்பினாள். ஒரு முறை ஏமாந்ததை அவள் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. அந்த நினைவுதான் இரண்டாம் முறை அவளுக்குக் காவலாக இருந்தது.

இதே புத்தியை இந்தக் காலத்தில் ஒரு சிறு தேசம் காட்டியிருக்கிறது. 2007-ல் எஸ்தோனியாவின் வங்கிகளும் பத்திரிகைகளும் சர்க்கார் ஆபீஸ்களும் ஹேக்கர்களால் பல நாட்கள் திணறின. அடிபட்டதை அந்த நாடு உலகறியச் சொன்னது. பிறகு, நாளைக்குத் தன் மண்ணே பறிபோனாலும் சர்க்கார் கணக்குகள் பிழைத்திருக்கவேண்டும் என்று, அவற்றின் பிரதியை லக்ஸம்பர்க் நாட்டில் ஒரு தூதரகம் போலவே வைக்க 2017-ல் உடன்படிக்கை செய்துகொண்டது. கொக்கோஸ் தீவின் சிப்பந்திகள் கருவியை ஒளித்து வைத்தார்களே, அதே யுக்தி!

நம்மிடமும் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 46 நாளில் பாலம் கட்டுகிறவர்கள் நாம். கம்பி அறுந்தால் ஒட்டிவிடுவோம். அறுந்தது என்று சொல்வதற்குத்தான் நமக்கு வாய் வருவதில்லை. சொன்னால் பதவி போகும், மானம் போகும் என்று நினைக்கிறோம். 1964-ல் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இன்று ஆயிரம் வழிகள் இருந்தும் சொல்லாமல் இருக்கிறோம். இரண்டில் எது பெரிய புயல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பொழுது சாய்ந்தது. பேத்திக்காக ஒரு சிப்பி மாலை வாங்கினேன். கடையில் தொங்கிய கறுப்புக் கட்டம் போட்ட அட்டைக்கு எதிரே போனைக் காட்டினேன். போனோ இன்னும் இலங்கையிலேயே இருந்தது, பணம் போகவில்லை. பையில் சில்லறையும் இல்லை.

"பரவாயில்ல ஐயா, இந்தக் காத்துல அது பாதி நாள் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். உப்புக் காற்றில் ஓரம் மடங்கிப் போன நோட்டு. "பேரையும் ஊரையும் சொல்லுங்க. ராமேசுவரம் போனதும் அனுப்பி வைங்க. நெட்டு போனா நோட்டு இருக்கு."

எழுதிக்கொண்டார். அவர் என்னிடம் கணையாழி எதுவும் கேட்கவில்லை. இராமேசுவரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அறைக்குப் போவதற்கு முன்பே, முதல் காரியமாக அந்த நாற்பது ரூபாயை அனுப்பினேன்.